தலையெழுத்து

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பாதி, கதாபாத்திரங்களுக்காகப் பரிந்து பேசும் கடிதங்கள்தாம். "கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள், என் மனைவி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று ஒருவர் எழுதுவார். "அந்த மாமியாருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லையே, என்ன காரணம்?" என்று ஓர் அம்மாள் கேட்பாள். இதற்கெல்லாம் பதில் எழுதி மாளாது. ஆனால் ஒரு தடவை வந்த தபால் கார்டு என்னைச் சற்று நிறுத்திவைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விஷயம் ஒரே ஒரு வாக்கியம்: "தங்கள் நாவலில் சுந்தரேசன் பஸ் விபத்தில் மாண்டது விதியாலா, பத்திரிகாசிரியர் நாலு வாரத்தில் முடிக்கச் சொன்னதாலா?"

இரண்டும்தான், ஐயா! நாவலாசிரியனுக்குப் பத்திரிகாசிரியர்தான் விதி. சுந்தரேசனுக்கு நான் விதி. எனக்கு மேலே அவர், அவருக்கு மேலே காகித விலை. எங்கே போய் முடிகிறது என்று கண்டவர் யார்?

வேடிக்கை இருக்கட்டும். அந்தக் கார்டைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. விதி என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் உண்மையாக இருக்கும் உலகம் ஒன்றே ஒன்றுதான். அது கதை உலகம். பத்தாம் பக்கத்தில் கதாநாயகன் மார்தட்டிக்கொண்டிருக்கும்போதே முந்நூறாம் பக்கம் அச்சாகித் தைத்து அட்டையும் போட்டாகிவிட்டது. அவனுக்குத்தான் தெரியாது. வாசகர் நினைத்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நம்மில் பல பேர் அப்படித்தான் செய்கிறோம். ஜோசியரிடம் போகிறவர்களும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள்.

ஆகையால்தான் எந்தத் தேசத்துக் கதைக்காரனும் விதியை விட்டதில்லை. இதில் ஓர் அதிசயம் உண்டு. சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு பாகவதர் சொல்லக் கேட்ட கதை இது. மகாவிஷ்ணு கைலாசத்துக்கு வந்தார். வாசலில் காத்திருந்த கருடன், அங்கே ஓர் அழகான சிறு பறவையைக் கண்டு ரசித்துக்கொண்டிருந்தது. அப்போது யமன் வந்தான். உள்ளே நுழையுமுன் அந்தப் பறவையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். கருடனுக்கு மனசு கேட்கவில்லை. பறவையைத் தூக்கிக்கொண்டு, கண்காணாத ஒரு காட்டில் ஒரு பாறையிடுக்கில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. யமன் வெளியே வந்தான். "ஏன் அப்படிப் பார்த்தாய்?" என்று கேட்டது கருடன். "ஒன்றுமில்லை. இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பறவை எங்கோ ஒரு காட்டில் பாம்பின் வாயில் மடிய வேண்டும் என்று இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கிறதே, அவ்வளவு தூரம் எப்படிப் போகப் போகிறதோ என்று யோசித்தேன்!" என்றான் யமன்.

பாகவதர் இதைச் சொல்லி நிறுத்தியதும் மண்டபத்தில் ஈ பறந்தால் கேட்கும். இது நம் சொந்தச் சரக்கு என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதிய ஜலாலுத்தீன் ரூமியின் மஸ்னவியில் இதே கதையைப் பார்த்தபோது திடுக்கிட்டுவிட்டேன். அங்கே கருடனுக்குப் பதில் சுலைமான் நபி. உயிர் வாங்கும் வானவரான இஸ்ராயீல் ஒருவனை முறைத்துப் பார்த்துவிடுகிறார். அவன் பயந்து சுலைமான் நபியிடம் ஓடி, "காற்றுக்குக் கட்டளையிட்டு என்னை எங்கேயாவது தூரதேசம் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்" என்று கெஞ்சுகிறான். எந்தத் தேசம் தெரியுமோ? இந்துஸ்தானம்! நம்மிடம்தான் வந்து சேருகிறான், பாவம். மறுநாள் இஸ்ராயீல் சொல்லும் சமாதானம் நீங்கள் ஊகித்ததேதான்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது, யூதர்களின் பாபிலோனியத் தல்மூதில் உள்ள கதை. அங்கேயும் சாலமன்தான். மரண தூதன் வருத்தமாக இருப்பதைக் கண்டு, தன் இரண்டு எழுத்தர்களைக் காப்பாற்றுவதற்காக அவர்களை லூஸ் என்ற ஊருக்கு அனுப்பிவைக்கிறார். அந்த ஊருக்குள் மரணம் நுழைய முடியாது என்பது நம்பிக்கை. அவர்கள் ஊர் வாசலிலேயே இறந்துபோகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1933-ல் தம் நாடகம் ஒன்றில், பாக்தாத் கடைவீதியில் ஒரு வேலைக்காரனைச் சாவு கண்டு வியப்பதாகவும் அவன் சமாராவுக்கு ஓடுவதாகவும் இதையே சொன்னார். மறு வருஷமே அமெரிக்காவில் ஜான் ஓஹாரா அதைத் தம் நாவலுக்குத் தலைப்பாக்கிக்கொண்டார்.

யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். பறவையோ மனிதனோ, பயந்து ஓடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடமே முடிவாக இருக்கிறது. மகாபாரதத்தில் பரீட்சித்து மகாராஜா ஒற்றைத் தூணில் மாளிகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரே, அதுவும் இந்த வம்சம்தான். தட்சகன் பழத்துக்குள் புழுவாக வந்தான் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த இடம் வேறு. விஷத்தை முறிக்கத் தெரிந்த காசியபர் என்ற பிராமணர் அரசனைக் காப்பாற்றப் புறப்பட்டு வருகிறார். தட்சகன் வழிமறித்து, "உமக்கு வேண்டியது பணம்தானே?" என்று கேட்கிறான். அவர் ஞான திருஷ்டியால் பார்க்கிறார். அரசன் ஆயுள் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார். விதியின் பெயரால் லஞ்சம் வாங்கின முதல் வைத்தியர் அவராகத்தான் இருக்கவேண்டும். கடைசி வைத்தியர் அவர் அல்ல.

விதிவாதத்தை ஒட்டுக்கு முழுசாக நம்பியவர்கள் ஆசீவகர்கள். மக்கலி கோசாலருடைய கூட்டம். எறிந்த நூலுருண்டை நூல் தீரும் மட்டும் உருண்டு ஓடுவதுபோல, முட்டாளும் அறிவாளியும் தத்தம் பிறவிச் சுற்று முடியும் மட்டும் ஓடித்தான் ஆகவேண்டும். நல்லது செய்தாலும் நூல் குறையாது, கெட்டது செய்தாலும் கூடாது என்பது அவர் கட்சியென்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. எதிரிகள் எழுதி வைத்த குறிப்பு. கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும். அசோகச் சக்கரவர்த்தி இவர்களுக்குப் பராபர் குன்றில் குகைகள் கொடுத்திருக்கிறார். வட நாட்டில் அருகிப் போன பிறகும் நம் தமிழ்நாட்டில் இவர்கள் நெடுங்காலம் இருந்தார்களென்றும், சோழர் காலக் கல்வெட்டுகளில் இவர்கள் பேரில் ஒரு வரிகூட இருந்ததென்றும் ஏ. எல். பாஷாம் 1951-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எல்லாம் விதிப்படி நடந்தாலும், வரி மட்டும் தானாக வந்து சேராது என்று சோழ அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது!

இதையெல்லாம் படிக்கிறவனாகவும் எழுதுகிறவனாகவும் ரசிக்கிறேன். ஆனால் நான் பிறந்த ஊர் திருப்போரூர். தலையெழுத்தைப் பற்றி எங்கள் ஊரின் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு.

முருகன் அசுரரோடு கடலில் பொருத இடம் திருச்செந்தூர், நிலத்தில் பொருத இடம் திருப்பரங்குன்றம், ஆகாயத்தில் பொருத இடம் திருப்போரூர். சித்தாந்தம் தெரிந்தவர்கள் இதற்கு உள்ளுறையும் சொல்வார்கள்: அங்கே மாயை, அடுத்ததில் கன்மம், எங்கள் ஊரில் ஆணவம். ஆக, கன்மத்தின் வழக்கு திருப்பரங்குன்றத்தில் தீர்ந்துபோயிற்று. எங்களுக்குக் கிடைத்தது ஆணவம். ஊர்க்காரர்களைப் பார்த்தால் முழுக்கத் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முருகன் கோயில் உள்ள ஊர்களில் பிரம்மாவுக்கு மரியாதை சற்றுக் குறைவு. பிரணவத்துக்குப் பொருள் தெரியாமல் விழித்து, முருகனிடம் குட்டுப்பட்டு, சிறையில் கிடந்தவர் அல்லவா? அவர் எழுதின எழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? முருகனுடைய காலடி தன் தலையில் பட்டதும் அங்கே பிரம்மா எழுதியிருந்தது அழிந்துபோயிற்று என்று அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் பாடிவிட்டார். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொருவர் கையிலும் அர்ச்சனைத் தட்டு. மடியில் ஒரு ஜாதகம். எழுதினதை அழித்துத் தரச் சொல்லி மனுக் கொடுக்க வந்தவர்கள். கோயிலே அப்படி அழிந்து எழுந்ததுதான் என்பார்கள் பெரியவர்கள். ஆறு முறை அழிந்து ஏழாம் முறை எழுந்தது என்பது ஸ்தல வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து வந்த சிதம்பர சுவாமிகள், பனங்காட்டில் சுயம்பு மூர்த்தியைக் கண்டெடுத்து இன்றைய கோயிலைக் கட்டினார். கண்ணகப்பட்டில் அவருடைய மடம் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னொரு முருகன் கோயில். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை வந்த சுனாமி, இந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களை அழித்துவிட்டுத் திரும்பும்போது, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின்மேல் மூடியிருந்த மணலையும் வாரிக்கொண்டு போயிற்று. பாறையில் கல்வெட்டு. தொல்பொருள் துறையார் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கருங்கல் கோயில். அதற்கடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்கு நோக்கிய வாசல். கல்லாலான ஒரு வேல். அந்தச் செங்கல் கோயிலும் முன்னொரு காலத்தில் கடல் பொங்கி அழிந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நானும் என் அக்காவும் போய்ப் பார்த்தோம். அக்கா வெகு நேரம் அந்த வேலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மூடினதும் அலை, தெறந்ததும் அலை. இதுல யாருக்கு எவன் என்ன எழுதியிருந்தான்?" என்றாள். அவள் அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. தம்பிக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கூப்பிட்டான் என்று நெம்மேலிப் பக்கம் உப்பங்கழியில் குளிக்கப் போனான். கூப்பிட்டவன் கரையேறினான். தம்பி ஏறவில்லை.

அந்தப் பையனுக்குப் பதினான்கு வயசு. அன்று முதல் வீட்டின் பின்கட்டில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தவன், யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை. அவன் தாயார் எங்கள் வீட்டுக்கு வர அஞ்சினாள். ஊரில் சிலர் அவனை வையவும் செய்தார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, என் அம்மா ஒரு கிண்ணத்தில் ரசஞ்சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அம்மா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "சாப்பிடுடா கண்ணு. அவன் எழுத்து அவ்வளவுதான். நீ கூப்பிடலேன்னா இன்னொருத்தன் கூப்பிட்டிருப்பான். நீ என்ன பண்ணுவே?" என்றாள். உருட்டி வாயில் வைத்தாள். அவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

அவன் இன்று பிள்ளை குட்டிக்காரன். பொங்கலுக்குப் பொங்கல், எங்கே இருந்தாலும் வந்து அம்மா காலில் விழுந்துவிட்டுத்தான் போவான். 'விதி என்பது சோம்பேறிகளின் தத்துவம்' என்று மேடையில் யாராவது முழங்கும்போது, எனக்கு அந்த ரசஞ்சாதக் கிண்ணம் ஞாபகம் வரும். கை தட்டத் தோன்றாது.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. அக்காவுக்கு மூல நட்சத்திரம். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ எதுகை மோனைக்கு ஆசைப்பட்டுச் சொல்லி வைத்துவிட்டான். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது. பெண் பார்க்க வருவார்கள், பஜ்ஜி நன்றாயிருக்கும், பெண்ணும் பிடித்திருக்கும். ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் தகவலே இருக்காது. தன் உயிருக்குப் பயந்த மாமனார்கள் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். தரகர் கடைசியில், "மாமனார் இல்லாத இடமா பார்த்துடலாம்மா" என்று ஆறுதல் சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளைகளாகத் தேடுவது என்று தீர்மானமாயிற்று. யாருடைய சாவையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல் வீடு ஆகிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வாள்: "அவ எழுத்து அப்படி. நாம என்ன பண்றது?" அதே வார்த்தை. ரசஞ்சாதத்தோடு போன அதே வார்த்தை, அதே குரல். ஒரு நாள் ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே என்னிடம் சொன்னாள்: "தம்பிக்கு எழுதினவன் ஒரே மூச்சுல எழுதி முடிச்சுட்டான். எனக்கு மட்டும் வருஷா வருஷம் குந்திக்கினு எழுதறான்."

பாகவதருடைய பறவைக் கதையிலும், ரூமியின் கதையிலும், மாமின் நாடகத்திலும் வருவது சாவு ஒன்றுதான். முடிந்துபோனதைப் பற்றி 'எழுத்து' என்று சொன்னால் துக்கப்படுகிறவர்களுக்கு உட்கார ஒரு திண்ணை கிடைக்கிறது. நாளைக்குக் காலையில் எழுந்து காப்பி போட வேண்டிய ஒரு பெண்ணைப் பார்த்து அதையே சொன்னால் அது திண்ணையா, பூட்டா? அம்மாவிடம் இதை நான் கேட்டதில்லை.

சிலப்பதிகாரத்தை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊழ்வினை விடாது வந்து பற்றும் என்பதை மூன்று உண்மைகளில் ஒன்றாக வைத்துக் காப்பியம் செய்ததாகப் பதிகம் சொல்கிறது. கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்தான், அவன் மனைவி நீலி சாபமிட்டாள், அந்த வினைதான் இது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கணக்குக் காட்டுகிறது. எப்போது காட்டுகிறது என்று கவனியுங்கள். மதுரை எரிய ஆரம்பித்த பிறகு! அதற்கு முன்னால் கண்ணகி 'எழுத்து' என்று சொல்லிக்கொண்டு இடைச்சேரியில் படுத்துக் கிடக்கவில்லை. ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனாள். பாண்டியனும் 'அவன் விதி முடிந்தது, நான் என்ன செய்வேன்' என்று சொல்லியிருக்கலாம்; தட்டான் பேரில் பழியைப் போட்டிருக்கலாம். கள்வன் நான்தான் என்று ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். ஆசிரியர் ஊழை நம்புகிறார். அவர் படைத்த பாத்திரங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

அவர் கதை அதைவிட ருசி. சேரன் அவையில் ஒருவன் இளங்கோவைப் பார்த்து, அரசு வீற்றிருக்கும் லட்சணம் உனக்கே உண்டு என்று சொல்கிறான். அண்ணன் செங்குட்டுவன் முகம் மாறுகிறது. தம்பி அந்தக் கணமே துறவு பூண்டு, சொன்னவன் வாக்கைப் பொய்யாக்கிவிடுகிறான். கிரேக்கத்தில் ஸோபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் குறி சொன்னதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, ஓடின வழியிலேயே தகப்பனைக் கொன்றான். நம் இளங்கோ ஓடவில்லை. நாற்காலியை வேண்டாம் என்றார், அவ்வளவுதான். ஜோசியத்தைத் தோற்கடித்த அந்த மனிதர் உட்கார்ந்து எழுதின காவியம், ஊழ் வலியது என்று சொல்லும் காவியம்! வள்ளுவர் மட்டும் என்ன? அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தில் முடிக்கும்போது அதைவிட வலியது எது என்று கேட்டுவிட்டு, இருநூற்று நாற்பது குறள் தாண்டி, சளைக்காமல் உழைப்பவன் ஊழையே புறமுதுகு காட்டி ஓடச் செய்வான் என்கிறார். உரைகாரர்கள் இரண்டையும் சமாதானப்படுத்தப் படாத பாடு படுகிறார்கள். சமாதானம் எதற்கு? எங்கள் அம்மாவைப் பார்த்திருந்தால் அவர்கள் அவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள்.

அக்காவுக்கு முப்பத்து மூன்றாம் வயசில் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இருந்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு எழுபத்திரண்டு வயசு ஆகுது. மூலம் வந்துதான் என்னைக் கொல்லணுமா? வரச் சொல்லுங்க மருமகளை" என்றார். இன்னும் பதினோரு வருஷம் இருந்தார். அக்கா கையால் காப்பி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

அக்காவுக்கு ஒரே பெண். அவளும் மூலத்தில்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசாமல் அதை மூடி வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜாதகம் எழுதவில்லை. யாரும் எழுதச் சொல்லவும் இல்லை.

போன தைக் கிருத்திகைக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். கூட்டத்தில் நீந்திச் சன்னிதிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பேர் கேட்டார். பேத்தியின் பேரைச் சொன்னதும், "நட்சத்திரம்?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "அனுஷம்" என்றாள். சன்னிதி முழுக்கக் கேட்கும்படி, கணீரென்று.

"அனுஷ நட்சத்திரே..." என்று சொல்லிக்கொண்டே குருக்கள் உள்ளே போனார். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.